நூற்றுப் பதினாறு கேள்விகள்

'கவுன்சலிங்' என்ற வார்த்தைக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனி அர்த்தம் ஏற்பட்டிருக்கிறது. ஆங்கில அகராதியைப் புரட்டினால், ஒருவருக்கு ஆலோசனை சொல்லுவது என்று போட்டிருக்கும். நம் ஊரில் பிளஸ் டூ முடித்த பையனைப் பார்த்து, "கவுன்சலிங் எப்போது?" என்று கேட்டுப் பாருங்கள். யாரிடம் ஆலோசனை கேட்கப் போகிறாய் என்று அவன் அதற்கு அர்த்தம் செய்துகொள்ள மாட்டான். கட்-ஆப் மார்க்கு இவ்வளவு, ராங்கு இவ்வளவு, எந்தக் காலேஜில் எந்தப் பிரிவு கிடைக்கும், எது கிடைக்காது என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

2018-ஆம் வருஷத்தில் எல்லாம் இணையத்தின் வழியாக என்று ஆவதற்கு முன்னால், என்ஜினீயரிங் கவுன்சலிங் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடந்தது. இராமநாதபுரத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் இராத்திரி பஸ் ஏறி வருவார்கள். அப்பா, அம்மா, விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒரு மாமா, நடுவில் பையனோ பெண்ணோ. பெரிய திரையில் காலி இடங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். அதைப் பார்த்து மாமாவின் முகம் மாறும். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போகவேண்டியது. கம்ப்யூட்டருக்கு முன்னால் சில நிமிஷம். வெளியே வரும்போது அந்தப் பிள்ளை மெக்கானிக்கல் என்ஜினீயராகவோ சிவில் என்ஜினீயராகவோ ஆவதென்று தீர்மானமாகியிருக்கும். அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல வரவில்லை. சிபாரிசுக் கடிதத்துக்கு வேலை இல்லாமல், மார்க்கு என்ற ஒரே தராசில் எல்லாரையும் நிறுத்த ஏற்பாடு அது. பட்டிக்காட்டு ஏழைப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அது கதவைத் திறந்துவிட்டது. ஆனால் கவுன்சலிங் என்று பெயர் வைத்த அந்த இடத்தில், "உனக்கு என்னப்பா பிடிக்கும்?" என்று கேட்பதற்கு ஒரு நாற்காலிகூடப் போட்டிருக்கவில்லை.

கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கேள்வியில் சொந்த அக்கறை உண்டு. ஒரு பாத்திரத்தை உண்டாக்கினால் முதலில் அதற்கு ஒரு ஜீவனோபாயம் தேடிக் கொடுத்தாக வேண்டும். கதாநாயகனை டாக்டராக்கலாமா, தபாலாபீஸ் குமாஸ்தாவாக்கலாமா என்று நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் பிறந்தவனுக்கே நாலு நாள் ஆகிறது. ஆகவே, இரத்தமும் சதையுமான பிள்ளைகளுக்கு இந்தக் காரியத்தை ஒரு முறையாகச் செய்யவேண்டும் என்று முதலில் நினைத்தவர் யார் என்று தேடிப் பார்த்தேன். தேடல் என்னை அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த வருஷங்களில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். இத்தாலியக் குடியானவர்கள், ருஷ்ய சாம்ராஜ்யத்திலிருந்து தப்பி வந்த யூதர்கள். நார்த் எண்ட் என்ற பகுதியின் சந்துகளில் அவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தார்கள். சொந்த ஊரில் தையற்காரர் மகன் தையற்காரன், கொல்லர் மகன் கொல்லன். இங்கேயோ தகப்பனாரின் தொழிலை மிஷின் விழுங்கிவிட்டது. தகப்பனாருக்கே வேலையில்லை, அவர் மகனுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? அந்த மாஸாசூஸெட்ஸ் ராஜ்யத்தில் 14 வயது வரையில்தான் கட்டாயப் படிப்பு. பிறகு பெரும்பாலான பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். எங்கே ஆள் தேவை என்று பலகை தொங்குகிறதோ அங்கே நுழைவது, பொட்டலம் தூக்குவது, அலுத்துப்போனால் அடுத்த வாசல். ராஜ்ய அரசாங்கம் நியமித்த ஒரு கமிஷன் 1906-இல் கணக்கெடுத்துப் பார்த்தபோது, 14 முதல் 16 வயதுக்குள் பள்ளிக்கூடத்தில் இல்லாத பிள்ளைகள் சுமார் 25,000 பேர் என்று தெரிந்தது. அந்த இரண்டு வருஷங்களில் அவர்கள் சம்பாதித்தது சொற்பம். கற்றுக்கொண்டது அதைவிடச் சொற்பம்.

அந்த நார்த் எண்டில், 1901-இல், 'ஸிவிக் ஸர்வீஸ் ஹவுஸ்' என்ற பெயரில் ஒரு சமூக இல்லம் ஏற்பட்டிருந்தது. பணம் கொடுத்தவர் பாலின் அகாஸிஸ் ஷா என்ற சீமாட்டி. பெயர் பெற்ற இயற்கை விஞ்ஞானி லூயி அகாஸிஸின் மகள். தாமிரச் சுரங்கத்தில் பெரும் பணம் பண்ணிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். நடத்தியவர் மேயர் புளூம்பீல்டு என்ற இளைஞர். வேலை முடிந்து களைத்து வருகிற கூலிக்காரர்களுக்கு அங்கே இரவு வகுப்பு. அந்த இரவு வகுப்புக்குப் பாடம் சொல்ல வந்தவர்தான் நம்முடைய கதாநாயகர், பிராங்க் பார்ஸன்ஸ்.

பார்ஸன்ஸின் சொந்த வாழ்க்கையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். சொன்னால்தான் விஷயம் ருசிக்கும்.

அவர் 1854-இல் நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில் பிறந்தார். கெட்டிக்காரப் பையன். கார்னெல் சர்வகலாசாலையில் சிவில் என்ஜினீயரிங் படித்து, 1873-இல் பத்தொன்பது வயதுகூட நிரம்பாமல் பட்டம் வாங்கினார். உடனே ஒரு ரயில்வேயில் உத்தியோகம். அந்த வருஷம் அமெரிக்காவில் பாங்குகள் படபடவென்று முறிந்து ஒரு பெரிய பொருளாதார நெருக்கடி வந்தது. அதில் அவருடைய ரயில்வே கம்பெனியும் போயிற்று. என்ஜினீயர் ஓர் இரும்பாலையில் கூலி ஆளாகச் சேர்ந்தார். அங்கிருந்து ஸவுத்பிரிட்ஜ் என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். கணக்குச் சொல்லிக் கொடுத்தார், சரித்திரம் சொல்லிக் கொடுத்தார், பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தார். பிறகு சித்திர வாத்தியாராகவும் ஆனார். அந்த ஊர் விவாதக் கழகத்தில் அவர் வாதாடியதைக் கேட்ட ஒரு வக்கீல், "நீர் பிறந்ததே வக்கீல் ஆவதற்குத்தான்" என்ற தோரணையில் அவரை உசுப்பிவிட்டார். மூன்று வருஷப் படிப்பை ஒரே வருஷத்தில் முட்டி மோதிப் படித்து, 1881-இல் வக்கீல் பரீட்சையும் தேறினார். தேறினாரே தவிர, கண்ணும் உடம்பும் கெட்டுப்போய், நியூ மெக்ஸிகோவின் திறந்த வெளியில் மூன்று வருஷம் காற்று வாங்கித்தான் தேற முடிந்தது. பாஸ்டனுக்குத் திரும்பி வக்கீலாக இருந்தபோது கோர்ட்டுக்குப் போய் வாதாடுவது தமக்கு ஒத்துவரவில்லை என்று கண்டுகொண்டார்! சட்டப் புஸ்தகம் எழுதினார். பாஸ்டன் சர்வகலாசாலையில் சட்டம் போதித்தார். 1895-இல் நகர மேயர் பதவிக்கு நின்று தோற்றார். 1897-இல் கான்ஸாஸில் ஒரு விவசாயக் கல்லூரியில் சரித்திரப் பேராசிரியரானார். இரண்டு வருஷத்தில் அரசியல் காற்று மாறி அடிக்கவே, அவரையும் அவர் சகாக்கள் சிலரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். மிஸூரியில் ஒரு புதிய கல்லூரி, அதுவும் நிலைக்கவில்லை. நடுவில் ரயில்வேக்களைப் பற்றி, நகர நிர்வாகத்தைப் பற்றி, தாம் பெரிதும் மெச்சிய நியூஸிலாந்தைப் பற்றித் தலையணை தலையணையாகப் புஸ்தகங்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எதற்கு நேரம்?

நம் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த ஜாதகத்தைக் காட்டினால் என்ன சொல்வார்கள்? "ஊருக்கு ஓர் உத்தியோகம் பார்த்த மனுஷன். ஒன்றில் உருப்படியாக நிற்கத் தெரியவில்லை" என்பார்கள். அப்படிப்பட்டவர் மற்றவர்களுக்குத் தொழில் தேர்ந்தெடுக்கக் கற்றுக் கொடுக்க வந்ததைச் சிலர் வேடிக்கை என்று நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மனிதருக்குக் கால்படாத வாசல் எதுவும் இல்லை. இரும்பாலையில் உலைக்களம் எப்படிச் சுடும் என்று தெரியும், வகுப்பறையின் சுண்ணாம்புத் தூள் தெரியும், கோர்ட்டின் காத்திருப்பும் தெரியும். தவறான வாசலில் நுழைந்து ஐந்து வருஷம் கழித்துத் திரும்புவதில் ஒரு மனிதனுக்கு என்ன செலவாகிறது என்பதும் தெரியும்.

1905-இல் அவரும் புளூம்பீல்டும் சேர்ந்து நார்த் எண்டில் உழைப்பாளிகளுக்காக ஒரு சிறு கல்விக்கூடம் ஆரம்பித்தார்கள். அப்புறம் இரவுப் பள்ளிகளில் படிப்பை முடிக்கப்போகும் பையன்களைக் கூப்பிட்டு வைத்து, தொழிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ஸன்ஸைப் பேசச் சொன்னார் புளூம்பீல்டு. பிரசங்கம் முடிந்தது. பையன்கள் வீட்டுக்குப் போகவில்லை. "ஐயா, உங்களோடு தனியாகக் கொஞ்சம் பேசவேண்டும்" என்று ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள்.

1908 ஜனவரியில் அதற்கென்றே ஓர் ஆபீஸ் திறந்தார்கள். பெயர் 'வொகேஷன் பீரோ'. தொழில் ஆலோசனை நிலையம் என்று வைத்துக்கொள்ளலாம். ஷா சீமாட்டியின் பணம், பார்ஸன்ஸின் நாற்காலி, எதிரே இன்னொரு நாற்காலி. அதே வருஷம் மே மாதம் அவர் கொடுத்த அறிக்கையில், 80 பேர் வந்து ஆலோசனை பெற்றிருப்பதாகச் சொல்கிறார். அவர்களில் இளையவருக்கு வயது 15. மூத்தவருக்கு 72! எழுபத்திரண்டு வயதில், தான் என்னவாக ஆகலாம் என்று விசாரித்துக்கொண்டு ஒரு மனிதர் அந்தச் சந்தில் படியேறி வந்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு ஒரு முழு நாவலே கண் முன்னால் நிற்கிறது.

அந்த அறையில் என்ன நடந்தது? முதலில் கால் மணியிலிருந்து ஒரு மணி வரை பேச்சு. பிறகு கையில் ஒரு நீளக் காகிதம். அதில் 116 கேள்விகள். வீட்டுக்குக் கொண்டுபோய், யோசித்து, எழுதிக் கொண்டுவர வேண்டும். கேள்விகளைப் படித்தால் ஒரு கேள்வி வக்கீல் கேட்பது போல இருக்கும், அடுத்தது வைத்தியர் கேட்பது போல, அதற்கடுத்தது பாட்டி கேட்பது போல. உன் உடம்பு எப்படி? ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறாய்? எந்தப் புஸ்தகம் படித்தாய்? யாரைப் போல இருக்க ஆசைப்படுகிறாய்? கண்ணாடிக்கு முன்னால் நின்று உன்னைப் பார்த்துக்கொள். உன் முகத்தில் சிரிப்பு உண்டா? நீ கை குலுக்கினால் அதில் உயிர் இருக்கிறதா, சினேகிதர்களைக் கேட்டுப் பார். பாஸ்டன் நகரத்துப் பையன்கள் எல்லாரையும் ஓரிடத்தில் நிறுத்தி, செடி கொடிகளை வகை பிரிப்பது போலப் பிரித்தால் நீ எந்த வகையில் சேருவாய்? நினைத்ததெல்லாம் நடக்கும் என்றால் உன் முதல் ஐந்தாறு ஆசைகள் எவை?

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில், எந்தெந்தத் தொழிலுக்கு என்னென்ன தகுதி வேண்டும், சம்பளம் எவ்வளவு, மேலே போக வழி உண்டா, எங்கே பயிற்சி கிடைக்கும் என்று அவர் திரட்டி வைத்திருந்த பட்டியல்கள். பெண்கள் செய்யக்கூடிய தொழில்களுக்கு ஒரு தனிப் பட்டியல். தன்னைத் தெரிந்துகொள், தொழிலைத் தெரிந்துகொள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்: அவருடைய சாஸ்திரம் முழுவதும் இவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற தேசத்தில் இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. நம் பொருத்தத்தை ஜோசியர் பார்த்துச் சொல்வார். பார்ஸன்ஸோ, பொருத்தத்தைப் பையனையே பார்க்கச் சொன்னார். இன்ன தொழிலை எடுத்துக்கொள் என்று ஒருவர் இன்னொருவருக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

பிடிவாதமாக இருந்தார் என்று சொன்னேன். எப்போதும் அப்படி நடந்துகொண்டார் என்று சொல்லவில்லை. அவருடைய புஸ்தகத்தில் ஒரு பையனின் கதை வருகிறது. பத்தொன்பது வயது, மெலிந்த சரீரம், களையில்லாத முகம். டாக்டராக வேண்டும் என்று வந்திருக்கிறான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. படிப்பில் பின்தங்கியவன், ஞாபகசக்தி குறைவு. பார்ஸன்ஸ் அவனிடம், சிரித்த முகமும் நல்ல பேச்சும் உள்ள ஒரு டாக்டரும் அவை இல்லாத ஒரு டாக்டரும் ஒரே தெருவில் கடை போட்டால் நோயாளிகள் யாரிடம் போவார்கள் என்கிற மாதிரிக் கேட்டு, அவன் வாயாலேயே பதிலை வரவழைத்துவிடுகிறார். ஆடு மாடு, கோழி வளர்ப்பு போலத் திறந்த வெளியில் செய்கிற வேலை அவன் உடம்புக்கும் நல்லது என்று வழி காட்டுகிறார். யோசனை சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் மேல்தான் மனசு போகிறது. ஒருவேளை வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் சிரித்திருப்பானோ என்னவோ! பார்ஸன்ஸிடம் இன்னொரு பலவீனமும் உண்டு. வந்தவரின் மண்டை காதுக்கு முன்னால் எப்படி வளர்ந்திருக்கிறது, பின்னால் எப்படி என்று கவனிப்பார். மண்டை சாஸ்திரத்தில் அந்தக் காலத்து ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கை அவரையும் விடவில்லை. ஆனாலும் அந்தப் பையனோடு அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

பார்ஸன்ஸ் ஆபீஸ் திறந்த வருஷத்திலேயே, 1908 செப்டம்பர் 26-ஆம் தேதி, காலமானார். வயது 53. அவர் கையெழுத்துப் பிரதிகளைச் சினேகிதர் ரால்ப் ஆல்பர்ட்ஸன் ஒழுங்குபடுத்தி, அடுத்த வருஷம் புஸ்தகமாகக் கொண்டுவந்தார். எத்தனையோ தலையணைப் புஸ்தகங்கள் எழுதியவருடைய பெயர், அவர் கண்ணால் பார்க்காத இந்தச் சின்னப் புஸ்தகத்தால் நிலைத்துவிட்டது.

அப்புறம் காரியங்கள் வேகமாக நடந்தன. பாஸ்டன் பள்ளி நிர்வாகம் பீரோவின் உதவியோடு நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களைத் தொழில் ஆலோசகர்களாக நியமித்தது. பாடம் நடத்துகிற வேலையோடு இதுவும் ஒரு வேலை. 1910-இல் இதற்கென்று தேசிய மகாநாடு. 1911-இல் ஹார்வர்டில் புளூம்பீல்டின் வகுப்பு. 1913-இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்தில் ஒரு சங்கம். அந்தக் கிராண்ட் ராபிட்ஸில் ஜெஸ்ஸி டேவிஸ் என்ற தலைமையாசிரியர் 1907-லிருந்தே வேறொரு வழியில் இதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார். தனி ஆபீஸ் எதுவும் கிடையாது. ஆங்கிலக் கட்டுரை வகுப்பில், குணத்தையும் தொழிலையும் பற்றி மாணவர்களை எழுத வைத்தார். என்னைக் கேட்டால் பார்ஸன்ஸின் வழியைவிட இது ஒரு படி மேல். செலவில்லாத வழி; எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

1917-இல் அமெரிக்கா யுத்தத்தில் குதித்தது. லட்சக்கணக்கான சிப்பாய்களை அவசரமாகத் தரம் பிரிக்கவேண்டி வந்தது. மனோதத்துவப் பேராசிரியர்கள் ஒரு பரீட்சையைத் தயாரித்துக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 17 லட்சம் பேர் அதை எழுதினார்கள். யுத்தம் முடிந்தும் பரீட்சை முடியவில்லை. அது பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்துகொண்டது. பார்ஸன்ஸின் நாற்காலி இருந்த இடத்தில் மெல்ல மெல்ல ஒரு விடைத்தாள் வந்து உட்கார்ந்தது. விடைத்தாளிலும் நன்மை உண்டு. அது மண்டையைத் தடவிப் பார்ப்பதில்லை. சிரிக்கவில்லை என்று ஒருவனைக் கழிப்பதில்லை. ஆயிரம் பேருக்கு ஒரே நாளில் பதில் சொல்லிவிடும். ஆனால் பையன் கேட்பதற்கு அதில் இடமில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னை ராஜதானியில் 1911-இல் எஸ்.எஸ்.எல்.ஸி. திட்டம் அமலுக்கு வந்தது. 'எஸ்.எஸ்.எல்.ஸி. புஸ்தகம்' என்று ஒன்று கொடுப்பார்கள். பெரியவர்கள் அதை நிலப் பத்திரத்தோடு சேர்த்து டிரங்குப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். பெயர், பிறந்த தேதி, மார்க்கு எல்லாம் அதில் உண்டு. அங்க அடையாளத்துக்கும் இடம் உண்டு. இடது முழங்கையில் ஒரு மச்சம் என்று எழுதியிருக்கும். அந்த மச்சத்துக்குச் சொந்தக்காரன் எதில் ஆசையுள்ளவன் என்று எழுத மட்டும் பத்தி எதுவும் கிடையாது. அதை யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தேவையும் இருக்கவில்லை; சர்க்கார் குமாஸ்தா உத்தியோகம் ஒன்றுதான் எல்லாருக்கும் தெரிந்த வாசல்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-இல், சென்னை சர்க்கார் உயர்நிலைப் பள்ளிகளில் பிரிவுப் படிப்புகளைக் கொண்டுவந்தது. பொதுப் படிப்போடு விவசாயம், என்ஜினீயரிங், நெசவு, காரியதரிசி வேலை என்று ஏதாவதொன்றைப் பையன் எடுத்துக்கொள்ளலாம். பிறகு 1952-இல் மத்திய சர்க்கார் இடைநிலைக் கல்விக் கமிஷனை நியமித்தது. தலைவர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். சென்னை சர்வகலாசாலைக்கு 27 வருஷம் துணைவேந்தராயிருந்தவர். தொழிலால் பிரசவ வைத்தியர். பிள்ளைகளை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தவரே, வந்த பிள்ளைகளை எந்த வழியில் விடுவது என்று யோசிக்கும்படி ஆனது பொருத்தம்தான். 1953-இல் வந்த அவருடைய அறிக்கை, பல நோக்குப் பள்ளிகள் வேண்டும், அவற்றில் ஏழு வகைப் பாடப் பிரிவுகள் வேண்டும் என்றது. பிரிவு என்று வந்துவிட்டால், எந்தப் பிள்ளைக்கு எது என்று சொல்ல ஆள் வேண்டுமல்லவா? பயிற்சி பெற்ற வழிகாட்டி அதிகாரிகளும், பள்ளிகளில் தொழில் விவரம் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கவேண்டும் என்று கமிஷன் கேட்டுக்கொண்டது. 1954-இல் டில்லியில் இதற்கென்று மத்திய நிலையம் ஒன்றும் ஏற்பட்டது. பாஸ்டன் சந்தில் போட்ட நாற்காலி, 46 வருஷம் கழித்து, சர்க்கார் முத்திரையோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

அதே 1953-இல் சென்னையில் இன்னொரு திட்டமும் வந்தது. முதல் மந்திரி ராஜாஜி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரத்தைத் தினம் மூன்று மணியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டிலே தகப்பனாரின் தொழிலைப் பழகட்டும் என்றார். இருக்கிற கட்டடத்தையும் வாத்தியாரையும் வைத்துக்கொண்டு இரண்டு மடங்குப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லலாம் என்பது அவர் கணக்கு. கைத்தொழில் மீது அவருக்கிருந்த மதிப்பும் உண்மையானது. ஆனால், தகப்பனாரின் தொழில் என்றால் நம் தேசத்தில் ஜாதி என்று அர்த்தம். வண்ணார் மகனுக்கு அரை நாள் வெள்ளாவி, வக்கீல் மகனுக்கு அரை நாள் ஓய்வா என்று நாடு முழுவதும் கேள்வி எழுந்தது. 'குலக் கல்வி' என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்த்தார்கள், காங்கிரஸுக்குள்ளேயும் எதிர்ப்பு. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜ் முதல் மந்திரியானார், திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்தச் சண்டையிலிருந்து வேறொரு விளைவும் உண்டாயிற்று. அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது ஒரு பிள்ளையிடம், "உனக்குக் கைவேலை நன்றாக வருகிறது, நெசவுப் பிரிவு எடுத்துக்கொள்ளேன்" என்று சொன்னால், அது ஆலோசனையாகக் காதில் விழாது. "உன் இடம் இதுதான்" என்றே விழும். பரம்பரை பரம்பரையாக அப்படிச் சொல்லிக் கேட்ட காது அது. பாஸ்டன் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு இந்தத் தழும்பு இல்லை. ஆகவே நம் தகப்பனார்கள் வழிகாட்டியை நம்பவில்லை. மார்க்கை நம்பினார்கள். மார்க்குக்கு ஜாதி தெரியாது, தகப்பன் பெயர் தெரியாது என்று நம்பினார்கள். முழுக்க உண்மையில்லாவிட்டாலும், மனிதர்களை நம்புவதைவிட அது மேல்தான்.

ஆளும் போதவில்லை. 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கமிஷன், பத்துப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகராவது வேண்டும் என்று சிபாரிசு செய்தது. பத்துக்கு ஒன்று என்பது குறைந்தபட்சத் திட்டம். பள்ளிக்கு ஐந்நூறு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டாலும் ஒருவருக்கு ஐயாயிரம் பேர். ஆளுக்கு ஒரு மணி வேண்டாம், ஐந்து நிமிஷம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்று வருவதற்கு நானூறு மணிக்கு மேல் ஆகும்.

1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. 'குரூப்' என்ற வார்த்தை வீடுகளுக்குள் நுழைந்தது. முதல் குரூப், இரண்டாம் குரூப் என்று பெயரிலேயே ஏணி. நான் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்காகப் போய் நின்றது ஒரு ஜூன் மாதக் காலை. மேஜைக்குப் பின்னால் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் கேட்டார்: "மார்க்கு?" சொன்னேன். மற்றவர் எழுதினார்: முதல் குரூப். எனக்குப் பின்னால் நின்ற பையன் வெண்டைக்காய்ச் செடிக்கு வரும் வியாதியிலிருந்து மாட்டுக்கு வரும் வியாதி வரை எல்லாம் தெரிந்தவன். அவன் ஊரில் பெரியவர்களே அவனிடம் கேட்பார்கள். அவனையும், "மார்க்கு?" என்றுதான் கேட்டார்கள். அவனுக்கு டைப்ரைட்டிங் கிடைத்தது. வரிசையில் இருநூறு பேர் நின்ற அன்றைக்கு அந்த ஆசிரியர்கள் வேறெதுவும் கேட்டிருக்க முடியாது. நூற்றுப் பதினாறு கேள்விகள் கடல் தாண்டி வரும்போது ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டன.

2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' என்று தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம், மேல்படிப்பு என்ன, வேலை என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முயல்கிறது. நல்ல காரியம். பார்ஸன்ஸ் தம் கையால் திரட்டி வைத்த பட்டியல்கள் இன்று ஒவ்வொரு பிள்ளையின் கைபேசிக்கும் வந்துவிடும். பட்டியலுக்கு எதிரே உட்கார்ந்து கேட்கிற ஆள்தான் அருமை.

பார்ஸன்ஸின் கேள்விகளில் முப்பதைப் பொறுக்கித் தமிழில் எழுதி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெண் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை வந்தவளிடம் காகிதத்தைக் கொடுத்தேன். உடம்பு, புஸ்தகம், சினேகிதிகள் எல்லாவற்றுக்கும் விறுவிறு என்று எழுதிக்கொண்டே போனாள். ஆசைகளைப் பற்றிய கேள்வி வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"அப்பாவோட ஆசையை எழுதணுமா, என்னோடதா மாமா?" என்று கேட்டாள்.

"உன்னோடதுதான்."

கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை நாலாக மடித்து, "வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதறேனே, ரெண்டு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.